முதியோர் வகுப்பால் ஏழைகளின் நிலை மாறுமா?

உங்கள் கேள்வி இது: கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள் அதிகம் உள்ள உங்கள் ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த நினைக்கிறீர்கள். ஊரில் சிலர், "நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் அ, ஆ படித்து என்ன ஆகப்போகிறது? அதற்கு இரண்டு ஆடு வாங்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். எழுத்தறிவு உண்மையிலேயே ஏழைகளுக்குப் பலம் தருமா என்று கேட்கிறீர்கள்.

தரும். ஆனால் இரண்டு விஷயங்கள் கூடவே இருக்க வேண்டும். வகுப்பில் நடக்கிற பாடம் அவர்களுடைய கூலியையும் கடனையும் உடம்பையும் தொட வேண்டும். படிக்கிறவர்கள் தனித்தனி ஆளாக இல்லாமல் ஒரு கூட்டமாக நிற்க வேண்டும். இவை இல்லாத வகுப்பில் ஆறு மாதத்தில் பெயரெழுதப் பழகுவார்கள், இரண்டு வருடத்தில் அதையும் மறப்பார்கள். தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவன் என்ற முறையில் இரண்டு வகை வகுப்புகளையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களைத்தான் அது குறிவைத்தது. அடுத்த ஆண்டே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கின. சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்காமல், ஊர் ஊராகத் தொண்டர்களைத் திரட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரலில் கேரளம் முழுமைக்கும் அந்த அறிவிப்பைக் கோழிக்கோட்டில் வாசித்தவர், வயதான பிறகு எழுத்துப் படித்த சேலக்கோடன் ஆயிஷா. அந்த முறைதான் பிறகு நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் மாவட்ட நிர்வாகங்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்து நடத்திய அறிவொளி அதன் தமிழ் வடிவம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம்தான். பாதிப் பேருக்குத் தெரியாது.

புதுக்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்க்காரர்களின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும் மாவட்டம். விவசாயக் கூலி, கல் குவாரி வேலை, செயற்கை ரத்தினக்கல் பட்டை தீட்டுவது என்று பெண்கள் பல வேலைகள் செய்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். காரணம் எளிது. பெண் தொண்டர்கள் உள்ளொடுங்கிய கிராமங்களுக்குப் போய்ச் சேர வேண்டும், பஸ்ஸை நம்பினால் போக முடியாது. தொண்டர்களுக்கென்று தொடங்கியது கற்க வந்தவர்களுக்கும் பரவியது. கூலிப்பெண்கள், குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் பழகினார்கள் என்பது அப்போதைய கணக்கு. ஒரு பொது நிகழ்ச்சியில் 70,000 பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

கிண்டல் வராமல் இல்லை. தெருவில் பெண் சைக்கிள் ஓட்டினால் அவள் நடத்தையைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஆனால் பத்துப் பெண்கள் சேர்ந்து ஓட்டும்போது அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனது. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகலாம், காய்கறியைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், அப்பாவோ அண்ணனோ புருஷனோ கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்ற காத்திருப்பும் மிச்சம். "எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்" என்று அன்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: வகுப்புக்கு வருவதற்கே வீட்டில் அனுமதி கேட்க வேண்டிய பெண்ணுக்கு, தானாக ஓரிடத்துக்குப் போய்வர முடிவதே முதல் பாடம்.

குவாரிகளில் நடந்தது இதைவிடப் பெரியது. முன்பணம் வாங்கி அதைத் தீர்க்க முடியாமல், ஒப்பந்ததாரர் சொன்ன கணக்குக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து அரசிடம் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். நிர்வாகம் பக்கபலமாக நின்றது. குத்தகைக்கு எடுத்த பிறகு லோடு கணக்கு, சீட்டு, வங்கிச் சலான், கூலிப் பட்டியல் என்று தினமும் எழுதவேண்டிய வேலை வந்தது. அங்கே படிப்பு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். தேவை இருந்தது, அதனால் மறக்கவில்லை. பழைய ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும், எல்லா இடத்திலும் பெண்களின் பிடி நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நல்ல ஆட்சியர் மாறிப்போனால் தளர்ந்துவிடக்கூடிய விஷயம்தான் இது. தளர்ந்தாலும், கணக்குக் கேட்கப் பழகிய பெண்ணைப் பழைய இடத்தில் அப்படியே கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல் உடைக்கும் குடும்பங்கள் இருந்த ஒரு தெருவில், வாசலில் அரிக்கேன் விளக்கு வைத்து வகுப்பு. எண்கள் நடத்தியபோது ஓர் அம்மா, "இதை வைத்து லோடு எழுதலாமா தம்பி?" என்று கேட்டார். பழைய நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். கிழமை ஒரு பக்கம், லோடு ஒரு பக்கம். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் எழுதினார்கள். சனிக்கிழமை கூலி போடும்போது கணக்குப்பிள்ளை 11 லோடு என்றார். அந்த அம்மா இடுப்பில் இருந்து நோட்டை எடுத்து 14 என்று காட்டினார். "யார் எழுதிக் கொடுத்தது?" "நான்தான் எழுதினேன்." கணக்குப்பிள்ளை நோட்டைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். அதற்குள் வரிசையில் நின்ற மற்றவர்களும் நோட்டை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு 14 லோடுக்கும் காசு வந்தது. ஒருவர் மட்டும் நோட்டோடு போயிருந்தால் மறுநாள் வேலைக்கு வராதே என்று அனுப்பியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதே காலத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. குடிகாரக் கணவனால் சீரழிந்த குடும்பத்தின் கதையும், பெண்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்ற கதையும் பாடமாக வந்தன. தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் பாடத்தை வாசித்ததோடு நிற்காமல் ஊருக்குள் இருந்த சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது கிராமம் கிராமமாகப் பரவி, 1992-ல் மாவட்டத்தில் சாராய ஏலத்தை நடத்தவே முடியாத நிலை வந்தது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுக்கச் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது, 1997-ல் அது தளர்த்தப்பட்டும்விட்டது. வெற்றி நிலைத்ததா என்பது வேறு விவாதம். ஆறு மாதம் முன்புவரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு மாநில அரசின் வருமானக் கொள்கையை மாற்ற வைத்தார்கள், அது நடந்தது.

இதன் பின்னால் ஒரு கற்பித்தல் முறை இருக்கிறது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஏழை ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அ, ஆ என்று வரிசையாக ஆரம்பிக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் சூடான விவாதம் கிளப்பும் சில சொற்களை எடுத்து, முதலில் அதைப் பற்றிப் பேச வைத்து, பிறகு அந்தச் சொல்லை அசை பிரித்து எழுத வைத்தார். அடுத்த ஆண்டு ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டு, நாட்டை விட்டுப் போக வைத்தார்கள். ஏழைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது யாருக்குப் பிடிக்காது என்பது அதிலேயே தெரிகிறது. நம் ஊரில் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கிப் பாருங்கள். யாருக்குப் பட்டா இருக்கிறது, யாருக்கு இல்லை, யார் பெயரில் இருக்கிறது என்று பேச்சு கிளம்பிவிடும். அதற்கு அப்புறம் ப, ட் இரண்டையும் எழுதிக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

சரி, எல்லா முயற்சியும் வென்றதா? இல்லை. யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை 11 நாடுகளில் வேலையோடு இணைந்த எழுத்தறிவுத் திட்டம் ஒன்றை நடத்திப் பார்த்தது. விளைவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. உற்பத்தியைப் பெருக்குவது மட்டுமே நோக்கமாக இருந்ததும், உள்ளூர் மக்களின் சூழலைப் போதிய அளவு பார்க்காததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ராஜஸ்தான், பீகார் கிராமங்களில் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தி அளந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. தாய்மார்களின் கற்றலிலும் பிள்ளைகளின் கணக்கிலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் சிறியதுதான். ஆகவே வகுப்பு நடத்தினாலே வறுமை போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் நடந்த இன்னொரு சோதனை எனக்கு நம்பிக்கை தருகிறது. முதியோர் வகுப்போடு சாதாரண செல்போனில் எண்ணும் எழுத்தும் பழகுவதைச் சேர்த்தபோது, அது இல்லாத வகுப்புகளைவிட நன்றாகக் கற்றார்கள். அன்றாடம் கையில் இருக்கும் பொருளில் எழுத்து இருந்தால் பழக்கம் விட்டுப்போவதில்லை.

ஆடு வாங்கிக் கொடுப்பதற்கு வருகிறேன். வாங்கிக் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டுக்கான கடன் மகளிர் குழு வழியாகத்தானே வரும்? அந்தக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எழுதுவது யார் என்று பாருங்கள். பன்னிரண்டு பேர் குழுவில் எழுதத் தெரிந்த ஒருவர் கையில் பேனா, மற்றவர்கள் கையில் ஸ்டாம்ப் பேட். யாருக்கு எவ்வளவு கடன், யார் கட்டினார், யார் பாக்கி, எல்லாம் பேனா வைத்திருப்பவர் சொல்வதுதான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அப்போதும் மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான். குழுவில் இன்னும் நான்கு பேருக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தால் கூட்டத்தின் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

தண்டல் கணக்கை வகுப்பில் போட்டுப் பாருங்கள். இது எண் பாடத்துக்கு மிக நல்ல கணக்கு. 10,000 ரூபாய் தண்டல். பிடித்தம் 1,500 போக கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாயாலேயே வட்டிக் கணக்குப் போடுகிற பெண்களுக்குக்கூட இதில் வட்டி எவ்வளவு என்று சட்டென்று பிடிபடாது, ஏனென்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும்: சராசரியாக அவர்கள் கையில் நின்ற பணம் 8,500-ல் பாதி, 4,250 தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்குப் பார்த்தால் நூற்றுக்கு நூறுக்கும் மேல். கரும்பலகையில் இதை எழுதி முடித்ததும் வகுப்பில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கந்துவட்டியில் மாட்டியவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது என்று அங்கேயே சொல்லுங்கள்.

இப்போது செல்போன் வந்துவிட்டதே, எழுத்து எதற்கு என்றும் கேட்பார்கள். எனக்கு இது உண்மையான கவலை. கைநாட்டு வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ரேஷன் கடையில் விரல் வைக்கிறார்கள், ஊருக்குள் வரும் வங்கி முகவரின் கருவியில் விரல் வைக்கிறார்கள். விரல் வைத்தால் பணம் வருகிறது. கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்ற குறுஞ்செய்தியை வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆயிரம் எடுத்தாரா இரண்டாயிரம் எடுத்தாரா என்று எப்படித் தெரியும்? அந்தச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அதனால் தமிழ் எழுத்தோடு எண்களையும், பணம் ஏறியதற்கும் இறங்கியதற்கும் வரும் credited, debited என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அடையாளம் காணப் பழக்குங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

நடைமுறைக்குச் சில விஷயங்கள். முதல் வாரமே எல்லோருக்கும் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நாற்பது தாண்டியவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தால், "எனக்கு மண்டையில் ஏறாது" என்றுதான் சொல்வார், கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி பாதி வகுப்பைக் காப்பாற்றும். கதிர் அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை பென்சிலை அழுத்திப் பிடிக்கும், முனை உடைந்துகொண்டே இருக்கும், தாள் கிழியும். சிலேட்டிலோ தரையில் சாக்பீஸாலோ பெரிதாக எழுத விடுங்கள், நோட்டு அப்புறம் வரட்டும். பெயரெழுதக் கற்றுக்கொடுக்கும்போது அவரவர் பெயரைத் தனியாக, முழுதாக எழுத வையுங்கள். சில பெண்களை ஊரே இன்னாருடைய அம்மா, இன்னாருடைய பெண்டாட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கும்.

இடம் முக்கியம். ஊர்ப் பொதுக் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். காலனியிலேயே வையுங்கள், ஊர்த்தெருவில் இருந்து வருகிறவர்கள் அங்கே வரட்டும். வராவிட்டால் அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று நடத்துங்கள், மாதம் ஒரு முறையாவது எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். நேரத்தை அவர்களே சொல்லட்டும். சோறாக்கி முடித்து எட்டு மணிக்கு மேல்தான் பெரும்பாலும் தோதாக இருக்கும். நடவிலும் அறுவடையிலும் வகுப்பு நின்றுபோகும், அதற்காக மனம் தளராதீர்கள். வீட்டு ஆண்களிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். எதிர்ப்பை விட, "இந்த வயசில் இவளுக்கு எதற்கு" என்ற சிரிப்புதான் பெண்களைப் பின்வாங்க வைக்கிறது.

கற்பிக்க ஊரிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்கள் போதும். பட்டதாரிதான் வேண்டும் என்றில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, வந்திருப்பவர்கள் எதுவும் தெரியாதவர்கள் இல்லை என்பது. விதைப்பும் விலையும் வட்டியும் உறவும் அறிந்தவர்கள். எழுத்து மட்டும்தான் தெரியாது. குழந்தையிடம் பேசுவது போலப் பேசினால் மறுநாள் வரமாட்டார்கள்.

அரசுத் திட்டத்தோடு இணைத்துக்கொள்ளலாம். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமானது, மேல்வயது வரம்பு இல்லை. உள்ளூர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள், பாடநூல் கிடைக்கும், தேர்வு நடத்திச் சான்றிதழும் தருவார்கள். கற்பிப்பவருக்கு ஊதியம் இல்லை, தன்னார்வலர்தான். தேர்வு வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண், மொத்தம் 150. ஆனால் அந்த மதிப்பெண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள். பழைய தேசிய இயக்கத்தின் அளவுகோலில், நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிப்பது, சொல்லச் சொல்ல 5 சொல் எழுதுவது, நூறு வரை எண் எழுதுவது என்றெல்லாம் இருந்தது. அந்த அளவை எட்டாத ஒருவர் பாஸ்புக்கில் கடைசி வரியை மட்டும் சரியாக வாசித்தால், அதை நான் தேர்ச்சி என்றே எடுத்துக்கொள்வேன்.

அறிவொளி காலத்தில் நாங்கள் பட்ட பெரிய அடி, தேர்வும் அறிவிப்பும் முடிந்ததும் தொண்டர்கள் கலைந்து போனதுதான். தொடர்கல்வி மையங்கள் வந்தன, பலவற்றில் புத்தகப் பெட்டி பூட்டியே கிடந்தது. அதனால் சான்றிதழ் வாங்கிய மறுவாரமும் அதே இடத்தில், அதே நேரத்தில் கூடச் சொல்லுங்கள். முதல் வேலையாக எல்லோரையும் நூறு நாள் வேலை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பதிந்திருக்கும் நாட்களை அவரவர் நோட்டில் எழுதி வைத்த நாட்களோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அடுத்த கிராம சபையில் கொடுக்க மனு எழுதலாம். மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அவர்களே எழுதட்டும்.